திறப்பும் தொங்கலும் முடிச்சும்: சாமுராய் கவசத்தை அடையாளம் கண்டு மீளச் செய்யும் முறை

ஜப்பானியப் போர்வீரரின் கவசத்தைக் காண்பவரின் கண் முதலில் தலைக்கவசத்தின் கொம்புகளில்தான் போய் நிற்கும். காலத்தையும் வகையையும் கண்டறிய விரும்புகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. 1868-இல் ஷோகுன்கள் என்னும் படைத்தலைவர்களின் பழைய ஆட்சி வீழ்ந்து, 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதும் தடைசெய்யப்பட்ட பிறகு, சாமுராய் குடும்பங்கள் பலவும் தங்கள் கவசங்களை விற்றன. யோகொஹாமா போன்ற துறைமுகங்களின் வணிகர்கள் ஒரு வீட்டுத் தலைக்கவசத்தையும் இன்னொரு வீட்டு மார்புக்கூட்டையும் வேறெங்கோ கிடைத்த கைகாப்பையும் ஒன்றாகச் சேர்த்து, முழுத் தொகுப்பு என்று சொல்லி வெளிநாட்டவரிடம் தள்ளிவிட்டார்கள். ஆகவே கொம்பை நம்பிக் காலம் சொல்வது, மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்து அவருடைய ஊரைச் சொல்வது போன்றதாகும்.

என் தந்தையார் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை பார்த்தவர். ஒரு காலணியைக் கையில் எடுத்தால் அவர் அதன் பளபளப்பைப் பார்க்கமாட்டார். எங்கே திறக்கிறது, எங்கே பாரம் தாங்குகிறது, எதைக் கொண்டு கட்டியிருக்கிறது என்ற மூன்றை மட்டும் பார்ப்பார். டர்பனில் நாங்கள் சிலர் கவசங்களை மீளச் செய்யத் தொடங்கியபோது, புத்தகப் படங்களைவிட எனக்கு அதிகம் உதவியவை அந்த மூன்று கேள்விகளே. கவசத்தை இரும்பாகப் பார்க்காமல், உடலில் அணியும் தைத்த உடையாகப் பார்த்தால் அதன் வகை தானே வெளிப்படும்.

மார்புக்கூட்டிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானியர் இதனைத் 'தோ' என்பார்கள். அது வலப்பக்கம் திறக்கிறதா, முதுகில் திறக்கிறதா, இடப்பக்கக் கீலில் மடங்கி இரண்டாகப் பிரிகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, இடுப்பிலிருந்து பாவாடைத் துண்டுகளைப் போலத் தொங்கும் 'குசசுரி' எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றாவதாக, சிறு செதில்களையோ தகடுகளையோ கோத்த கிடை வரிசைகளை எண்ணுங்கள்: மார்பின் மேற்பகுதியில் எத்தனை, முதுகின் மேற்பகுதியில் எத்தனை, உடலைச் சுற்றிவரும் கீழ்ப்பகுதியில் எத்தனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வலப்பக்கத்தை மூடுவதற்குத் தனியான ஒரு தகடும், நான்கே நான்கு அகலமான குசசுரிகளும் இருந்தால் அது 'ஓ-யொரோய்' என்னும் பெருங்கவசம். ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டளவில் வடிவம் பெற்ற இது, குதிரை மேலிருந்து வில் எய்தவனுக்கு உரிய உடை. அதன் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் வில்லே காரணம். மார்பின் முன்புறம் அச்சிட்ட தோலால் போர்த்தப்பட்டிருக்கும், ஏனெனில் நாண் செதில்களின் விளிம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது. வலத் தோளின் முன்னே தொங்கும் சிறு காப்பு மடங்கக்கூடிய வரிசைகளாக இருக்கும், ஏனெனில் நாணை இழுக்கும் கை அசைய வேண்டும். இடப்பக்கக் காப்போ ஒரே துண்டாக இருக்கும். இரு கைகளும் வில்லில் இருப்பதால் கேடயம் பிடிக்க வழியில்லை, அதனால்தான் தோள்களில் 'ஓ-சோதே' எனப்படும் பெரிய செவ்வகப் பலகைகள் தொங்குகின்றன. நம் நாட்டில் ஆறடிக் கூத்து என்று பெயர்பெற்ற தெருக்கூத்தில் அரச வேடத்துக்குக் கட்டும் புஜக்கட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோள்பலகை பழக்கமான காட்சியாகத் தோன்றக்கூடும். ஆனால் அங்கே அலங்காரம், இங்கே கேடயம். தொடக்க காலத்தில் கைகாப்பும் இடக்கைக்கு மட்டுமே இருந்தது.

ஓ-யொரோய் பெட்டி வடிவானது, இடுப்பில் இறுகாது. தலைக்கவசத்தையும் சேர்த்து முப்பது கிலோ அளவுக்கு வரக்கூடிய அதன் பாரத்தில் பெரும்பகுதி தோள்களில்தான் தங்கும். சேணத்தில் அமர்ந்திருப்பவனுக்கு அதைக் குதிரை பங்குபோட்டுக்கொள்ளும். கால்நடையாகச் சென்றவனின் நிலையை அறிய விரும்புகிறவர்கள், தைப்பூசத்தன்று காவடியைத் தோளில் ஏற்றி வெயிலில் நடந்தவர்களைக் கேட்டால் போதும்.

கால்நடை வீரருக்காக எழுந்த வகை வேறு. உடலைச் சுற்றி வந்து வலப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டப்படுவது 'தோ-மாரு'. அதற்குக் குசசுரி பெரும்பாலும் எட்டு, கால்கள் தாராளமாக வீசி நடக்க வேண்டுமல்லவா. முதுகில் திறப்பது 'ஹராமகி'. அதற்குப் பெரும்பாலும் ஏழு. முதுகின் இடைவெளியை மூட ஒரு தனித் தகடும் சில ஹராமகிகளுக்கு உண்டு. முதுகைக் காட்டாத வீரனுக்கு அது எதற்கு என்ற கேலியால் அதற்குக் 'கோழைத் தகடு' என்று பெயர் வந்துவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த இரு பெயர்களும் இடைக்காலத்துக்குப் பின் இடம் மாறிப்போயின. பழைய எழுத்துகளில் ஹராமகி என்று வருவது நாம் இன்று தோ-மாரு என்று அழைப்பதாக இருக்கலாம். ஆகவே குறிப்பெழுதும்போது பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது பெரும் வகை 'தோசெய் குசொகு'. 'இக்காலத் தொகுப்பு' என்பது அதன் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் புதிதாக இருந்ததால் அப்பெயர் நிலைத்தது. 1543-இல் போர்த்துகீசியர் வழியாகத் தனெகஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தது. அதே நூற்றாண்டில் ஈட்டி ஏந்திய காலாட்படைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செதில்களைக் கோத்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை, அச்செதில்கள் குண்டுக்கு உறுதியான தடையும் இல்லை. எனவே அகலமான இரும்புத் தகடுகள் வந்தன, இடப்பக்கக் கீலும் வலப்பக்கக் கட்டும் வந்தன, இடுப்பு ஒடுங்கியது, பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. வரிசை எண்ணிக்கையிலும் இந்த மாற்றம் தெரியும். பழைய வகைகளில் மார்பின் மேற்பகுதி இரண்டு, முதுகின் மேற்பகுதி மூன்று, சுற்றுப்பகுதி நான்கு என்று வரும். தோசெய் குசொகுவில் அது மூன்று, நான்கு, ஐந்து என்று ஒவ்வொன்று கூடும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், மங்கலான ஒரு புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலையில் இந்த எண்ணிக்கை எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இம்மூன்றுக்கும் முந்தைய, பெரும் புதைமேடுகள் எழுந்த கொஃபுன் காலத்தின் கவசங்களை இங்கே விரிக்கவில்லை. குன்மா மாகாணத்தின் கனாய் ஹிகஷிஉரா என்னுமிடத்தில், ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்து எரிமலை வெடிப்பில் புதையுண்டு, உடலில் கவசத்தோடு கிடந்த ஒரு மனிதர் 2012-இல் கண்டெடுக்கப்பட்டதை மட்டும் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

எண்ணிக்கையும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 1615-இல் ஒசாகா கோட்டை வீழ்ந்த பின், 1637-38-இன் ஷிமபாரா கிளர்ச்சியைத் தவிர்த்தால், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் பெரும்போர் இல்லை. போரில்லாத காலத்தில் கவசம் ஊர்வல உடையாயிற்று. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செல்வர்கள் முன்னோர்களின் ஓ-யொரோய் பாணியை மீண்டும் விரும்பிச் செய்வித்தார்கள். இதற்கு முன்பும் பழைய பாணி முற்றாக மறையவில்லை. 1613-இல் ஷோகுன் தொகுகவா ஹிதெததா இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அனுப்பிய கவசங்களில் ஒன்று தோ-மாரு வடிவிலானது, துப்பாக்கி வந்து எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தும். இத்தகைய பொருளைச் சோதிக்கச் சிறந்த வழி உட்புறத்தைப் பார்ப்பது. உண்மையான சிறு செதில்களாகிய 'கொசனே'யால் ஆன வரிசை, உள்ளேயும் செதிலின் மேடுபள்ளத்தைக் காட்டும். பின்னாளில், ஒரே தகட்டின் மேல்விளிம்பைப் பல்போல வெட்டி, மேலே அரக்கைக் குழைத்துப் பூசிச் செதிலைப் போலக் காட்டினார்கள். அதன் உட்புறம் வழவழவென்று இருக்கும். முன்புறம் மட்டும் காட்டும் படத்தை வைத்து, இது கொசனே என்று அறுதியிட்டுச் சொல்லாதீர்கள்.

கட்டிய நாடாவும் பேசும். வரிசைகளை ஒன்றோடொன்று தொங்கவிடும் இக்கோப்புக்கு 'ஓதொஷி' என்று பெயர். நாடாக்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று பரப்பையே மூடிவிட்டால் அது 'கெபிகி'. இரண்டிரண்டாக இணைந்து இடைவெளி விட்டு இறங்கினால் அது 'சுகாகே'. நெருக்கமான கோப்பு அழகானது, ஆனால் மழையில் நீரைக் குடித்துப் பாரமாகும், சேறு பிடிக்கும், பேன் குடியேறும், ஈட்டி முனை வழுக்காமல் சிக்கும். நெடும்போர்களின் பதினாறாம் நூற்றாண்டில் சுகாகே பரவியதற்கு இவையே காரணங்கள். நிறத்திலும் ஒரு குறிப்பு உண்டு. இரும்புச் சத்துச் சேர்த்துக் கருமையாகவோ பழுப்பாகவோ சாயமிட்ட பட்டு விரைவில் இற்றுப்போகும். பல நிறக் கோப்பில் கருநாடா மட்டும் பொடிந்து, மற்றவை நலமாக இருந்தால் அது மூப்பின் நல்ல சான்று. தோக்கியோவின் மேற்கேயுள்ள முசாஷி மிதாகே கோவிலின் செந்நாடா ஓ-யொரோய் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டும். மஞ்சிட்டி இன வேரால் சாயமிட்ட அதன் பழைய நாடாக்கள் இன்றும் சிவப்பாக இருக்கின்றன. 1903-இல் செப்பனிட்டபோது சேர்த்த, வேதிச்சாயம் ஏற்றிய நாடாக்களோ வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டன.

இவையெல்லாம் முடிந்த பின் தலைக்கவசத்துக்கு வரலாம். ஆணித்தலைகள் புடைத்து நின்றால் பழைய மரபு. தகடுகளின் விளிம்புகள் வரம்புகளாக நிமிர்ந்து நின்றால் பதினான்காம் நூற்றாண்டு தொடங்கிப் பரவிய வகை. சில தகடுகளே சேர்ந்து மண்டையோட்டின் வடிவில் இருந்தால் பதினாறாம் நூற்றாண்டு வகை. மூன்றையும் பிற்காலத்தில் பின்பற்றிச் செய்தார்கள் என்பதால் மார்புக்கூட்டின் சாட்சியோடு ஒத்துப்போனால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் பொன்முலாம் பூசிய சிறு தலைக்கவசங்கள் பெரும்பாலும் மே 5-ஆம் நாள் சிறுவர் விழாவுக்கு வீட்டில் வைக்கும் அலங்காரப் பொருள்கள். நானே ஒன்றைப் பழம்பொருள் என்று நம்பி ராண்டுகளைக் கொட்டி வாங்கினேன். பிரித்துப் பார்த்தபோது அது என் ஆறு வயது மகளின் தலைக்குக்கூட இறங்கவில்லை.

இனி மீளச் செய்வது. முதன்முறையாகச் செய்பவர்கள் ஓ-யொரோயைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செதில் ஒவ்வொன்றிலும் 13 அல்லது 14 துளைகள். இரண்டாயிரம் செதில்களுக்குத் துளையிட்டு முடிப்பதற்குள் ஆர்வம் வற்றிவிடும். 'ஒகெகவா-தோ' என்னும் தோசெய் வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒகெ என்றால் மரத்தொட்டி. பலகைகள் அடுக்கிய தொட்டியின் பக்கத்தைப் போல இரும்புத் தகடுகளை அடுக்கி ஆணியடித்ததால் வந்த பெயர். மார்புக்கூட்டில் ஆணி வேலை, குசசுரியில் மட்டும் சுகாகே நாடா என்று வேலை அளவாக அமையும். தொடங்குமுன், அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் ஒரே ஒரு கவசத்தைத் தேர்ந்து, முன், பின், பக்கவாட்டு, உட்புறப் படங்களைத் திரட்டி, அதையே பின்பற்றுங்கள். ஐந்து கவசங்களில் பிடித்ததை எல்லாம் எடுத்து ஒன்றாக்கினால், யோகொஹாமா வணிகர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம் என்று ஆகிவிடும்.

முதல் வேலை உடல் அளவு. உள்ளே அணியும் பருத்தி உடையோடு நின்றுகொண்டு, அக்குளுக்குக் கீழே சுற்றளவு, இடுப்பெலும்புக்கு மேலே சுற்றளவு, அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரை உயரம் ஆகியவற்றை எடுங்கள். கூட்டின் கீழ்விளிம்பு இடுப்பெலும்பின் மேல் சரியாக அமர வேண்டும். இரண்டு விரற்கடை நீண்டாலும் உட்காரும்போது கூடு மேலே ஏறித் தாடையை இடிக்கும். சுற்றுப்பகுதியின் ஐந்து வரிசைகளையும் தடித்த அட்டையில் வெட்டி, நாடா ஒட்டி, உடலில் மாட்டிக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். டர்பனில் நாங்கள் இன்னும் கிரே தெரு என்றே சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ தெருவின் துணிக்கடைகளில் துணிச்சுருளின் உள்ளே வரும் அட்டைக் குழாயை நெடுக வெட்டி விரித்தால் இதற்கு நன்றாகப் பயன்படும்; கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அட்டை அச்சில் செலவிடும் இரண்டு வாரங்களை வீண் என்று எண்ணாதீர்கள். வெட்டுவதற்கு முன் திருத்தினால் செலவு இல்லை; வெட்டிய பின் திருத்தினால் கூலியும் போச்சு, தோலும் போச்சு என்று என் தந்தையார் சொல்வார்.

தகட்டுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு உண்மைக்கு அண்மையானது, ஆனால் டர்பனின் கடற்காற்றில் ஒரு மாதத்தில் துருவின் நிறத்தைக் காட்டத் தொடங்கும். மேடை நாடகத்துக்கோ விழாவுக்கோ என்றால், 200 லிட்டர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டிப் பயன்படுத்தலாம். உணவுப் பொருள் வந்த பீப்பாயாகப் பார்த்து வாங்குங்கள். இரசாயனம் வந்ததைச் சூடாக்கும்போது எழும் ஆவி ஆபத்தானது. பீப்பாயின் வளைவு உடலைச் சுற்றி வரும்படி வெட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் மெல்லச் சூடாக்கி, தடித்த கையுறை அணிந்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். மனித உடல் வட்டமன்று, தட்டையான நீள்வட்டம். இந்த ஒன்றைக் கவனியாதவர்களின் கவசம்தான் பீப்பாயாகவே நின்றுவிடுகிறது.

துளைகள் அனைத்தையும் வண்ணம் பூசுமுன் இட்டுவிடுங்கள். நான் முதல் குசசுரியில் முறை மாற்றிச் செய்து, துளையைச் சுற்றி வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்ததைக் கண்டு ஏழு துண்டுகளையும் சுரண்ட வேண்டியதாயிற்று. ஒரே அச்சுத் தகட்டை வைத்து எல்லாத் துண்டுகளுக்கும் துளைக்குறி இட்டால் நாடா நேராக விழும். துளையின் விளிம்பை வட்ட அரத்தால் மழுப்புங்கள்; கூரான விளிம்பு ஒரு பருவத்துக்குள் நாடாவை அறுத்துவிடும்.

பழைய கவசங்களின் பளபளப்பு 'உருஷி' என்னும் மரப்பால் அரக்கினால் வந்தது. அது காற்றில் உலர்வதில்லை. 20 முதல் 30 பாகை வெப்பமும் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் இருந்தால்தான் இறுகும். பிப்ரவரி மாத டர்பன் அதற்கென்றே அமைந்தது போலிருக்கும். ஆயினும் உருஷி மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் உறவு. மாம்பால் பட்டாலே முகம் வீங்குகிறவர்கள் அதன் பக்கம் போகக் கூடாது, மற்றவர்களும் பயிற்சியின்றித் தொட வேண்டாம். முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்து ஜப்பானியர் செய்யும் மாற்று அரக்கு, அல்லது நம் கடைகளில் கிடைக்கும் கருப்பு எனாமல், இவற்றில் ஒன்றை மெல்லிய பூச்சுகளாக ஐந்தாறு முறை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பீப்பாய் பிளாஸ்டிக்கில் வண்ணம் எளிதில் ஒட்டாது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கு உரிய அடிப்பூச்சை முதலில் இடுங்கள்.

நாடாவுக்குப் பட்டுப் பின்னல் கிடைத்தால் நல்லது. எங்களுக்குக் கிடைத்தது காலணித் தொழிற்சாலையின் மிச்சம்: எட்டு மில்லிமீட்டர் அகலமான தட்டைப் பருத்திக் கயிறு, சுருள் சுருளாக. அதே தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த என் பெரியம்மா, அதன் நுனியை உருகிய மெழுகில் தோய்த்துக் கூராக உருட்டும் விதத்தைக் காட்டினார். அதற்குப் பின் ஊசியே தேவைப்படவில்லை. குசசுரியின் ஐந்து வரிசைகளையும் மேசையில் பரப்பி, வரிசைகளுக்கிடையே ஒரே உயரமுள்ள மரக்கட்டைகளை வைத்து, மேலிருந்து கீழாகக் கோத்து வாருங்கள். இணை நாடாக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்கள் எல்லாத் துண்டுகளிலும் ஒரே பக்கம் மேலாக வர வேண்டும். இதில் கவனம் தவறினால் கோப்பு திருகியது போலத் தெரியும், காரணம் மட்டும் எளிதில் புலப்படாது. மார்புக்கூட்டிலிருந்து குசசுரியைத் தொங்கவிடும் நாடா சற்று நீளமாகவே இருக்கட்டும், ஏனெனில் அந்த இடைவெளியில்தான் இடுப்புத் துணி வருகிறது. அதனை இறுகக் கட்டினால்தான் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். அது இல்லாமல் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அரை மணியில் தோளைப் பிசைந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அணியும் வரிசை கீழிருந்து மேல்: முழந்தாளுக்குக் கீழான 'சுனெயதே', தொடைக்குரிய 'ஹைததே', கைகளுக்குரிய 'கோதே', பிறகு மார்புக்கூடு, தோள்பலகை, இடுப்புத்துணி, முகமூடி, கடைசியாகத் தலைக்கவசம். இணையாக வரும் உறுப்புகளில் இடப்பக்கத்தை முதலில் அணிவது வழக்கம். முதல் முறை அணிந்ததும் நேரே கண்ணாடிக்குப் போகாமல், தரையில் மண்டியிட்டு எழுந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பத்துப் படிகள் ஏறி இறங்குங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மறுநாள் அந்த விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடுங்கள்.

வைத்துக் காக்கும்போது ஈரமும் இராமபாணப் பூச்சியும் பகை. வியர்வை உலர ஒரு நாள் நிழலில் தொங்கவிட்டு, மூடியுள்ள மரப்பெட்டியில் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். சனவரி வெயிலில் காருக்குள் விட்டுச் சென்றால் பிளாஸ்டிக் தகடு வளைந்துவிடும். இறுதியாக, மார்புக்கூட்டின் உட்புறத்தில், அழியாத மையால், செய்த ஆண்டையும் டர்பன் என்ற ஊரையும் எந்தக் கவசத்தைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதையும் தமிழிலேயே எழுதிவிடுங்கள். நாற்பது ஆண்டு கழித்து யாராவது அதை யோகொஹாமாவிலிருந்து வந்த பழம்பொருள் என்று விற்க முனைந்தால், உள்ளே திருப்பிப் பார்ப்பவருக்கு அது பயன்படும்.